பால் கேன் யார் பக்கம்?

அன்பு மகன் கர்ட்டுக்கு,

அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் சுகம். சோள அறுவடை முடிந்துவிட்டது. உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லம்மா" என்று மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இங்கே நம் ஊர்க் கல்லூரிக்கும் உங்களுக்கும் ஃபுட்பால் ஆட்டம் அல்லவா, டென்பியில் எல்லோருக்கும் வழக்கமான பைத்தியம் பிடித்திருக்கிறது. சிவப்பு உங்கள் கார்விக் கல்லூரியின் நிறம் என்பதால் ஓட்டலில் தக்காளி சாஸ் பாட்டில்களை ஒளித்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு வறுவலை வெறுமனே தின்கிறோம். அங்கேயும் இப்படித்தானா? நம் பச்சையைக் கண்டால் ஆகாது என்று விடுதிச் சமையலில் பட்டாணியை நிறுத்திவிடுவார்கள் என்கிறாள் பக்கத்து வீட்டு வில்மா. நிஜமா? நம்மைச் "சாணி மிதிக்கிறவனுங்க" என்பார்களாமே, உன் எதிரிலேயே சொல்கிறார்களா? நீயும் சேர்ந்து சிரிப்பாயா? கோபமில்லை, தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நம் கல்லூரியில் உன்னைப் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள், அங்கே ஆட இடம் கொடுத்தார்கள், போனாய். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. கல்லூரி மாறியதை அவரும் பொறுத்திருப்பார். அந்தக் கல்லூரிக்கு மாறியதைத்தான் தாங்க முடியவில்லை. உன்னோடு பேசாமல் இருந்துகொண்டு, உன் ஆட்டம் வந்தால் டிவியை விட்டு நகர்வதில்லை. முடிவெட்டும் கடையில் ஹார்லன், "என்ன மெர்ல், சனிக்கிழமை யாருக்குக் கை தட்டப் போற?" என்று வம்புக்கு இழுத்தாராம். அப்பா பாதி வெட்டியதோடு எழுந்து வந்துவிட்டார். இன்னும் ஒரு பக்கக் காதை முடி மூடித்தான் இருக்கிறது.

நேற்று டிக்கெட் வாங்கப் போனார். உங்கள் கல்லூரிக்காரர்கள் உட்காரும் பக்கத்தில்தான் இருக்கை வேண்டும் என்று கேட்டிருக்கிறார், கர்ட். கவுண்டரில் இருந்த லூயிஸ், "வயசாயிடுச்சு மெர்ல் உங்களுக்கு, எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு பாருங்க" என்று சிரித்துவிட்டு, வருஷா வருஷம் உட்காரும் நம் பக்கத்து இருக்கையையே கொடுத்துவிட்டாள். பின்னால் வரிசையில் பாதி ஊர் நின்றதாம். என் மகன் அந்தப் பக்கம் ஆடுகிறான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். நான் மாற்றி வருகிறேன் என்றேன். "வேண்டாம், விடு" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் நீ பேருந்தில் ஏறிவிடுவாய், அவர் கூட்டத்தோடு வெளியே போய்விடுவார். உங்கள் இருவரையும் எனக்குத் தெரியாதா? ஆனால் போன வருஷம் ஜெயித்ததால், கோப்பைக்குப் பதிலாகக் கொடுக்கும் அந்தப் பழைய பால் கேன் இப்போது நம்மிடம் இருக்கிறது. நம் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால், அப்பாவின் வரிசைக்கு நேர் கீழே அதை வைத்திருப்பார்கள். ஜெயித்தால் நீங்கள் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்து தூக்கிப் போவதுதானே வழக்கம். கேனை மற்றவர்கள் தூக்கட்டும். நீ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மேலே பார். அவர் கை தட்டமாட்டார், சுற்றிலும் பச்சைச் சட்டைகள். ஆனால் எழுந்து நிற்பார்.

இத்தனை வருஷமும் நம் ஊர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஜெபித்திருக்கிறேன். இந்த ஒரு சனிக்கிழமை தோற்கட்டும் என்று ஜெபிக்கிறேன். வில்மாவுக்குத் தெரிந்தால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும். எங்கள் பக்கம் ஓடி வா, மகனே.

உன் அம்மா,
டோரீன்