பதினொன்றாவது கேள்வி

இன்று காலை சாயாக்கடை டிவியில் சபாநாயகர் ஓர் உறுப்பினரின் பெயரைக் கூப்பிட்டார். ஆள் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்த நாற்காலியும் காலி. நான் சாயா கிளாஸோடு எழுந்தே நின்றுவிட்டேன். கடைக்காரச் சேட்டன் பதறிப்போய், சாயாவில் ஈ கீ விழுந்துவிட்டதா என்று கேட்டார். டெல்லியில் எவனோ சபைக்கு வராததற்கு மட்டாஞ்சேரியில் ஒருத்தி எழுந்து நிற்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் கேள்வி நேரம் என்றால் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். தமிழில்தான் எழுதுகிறேன். மலையாளம் என்றால் மடமடவென்று வாசிப்பாய், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. இப்போது உனக்கு என்ன அவசரம், மெதுவாக வாசி.

நம் இரண்டு பேருக்கும் இடையில் ஓயாத தகராறு ஒன்று இருந்ததே, அது இந்தத் தமிழைப் பற்றியதுதான். உன் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை, என் அப்பாவுக்கு அரிசி மண்டி. ஒரே தெரு, பள்ளியில் ஒரே பெஞ்சு. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், இரண்டும் கலந்து ஒன்று நம் இருவருக்குள். நீ முதன்முதலில் தேர்தலில் நின்றபோது எவனோ ராத்திரியோடு ராத்திரியாக வந்து, பாண்டிக்காரிக்கா உங்கள் ஓட்டு என்று சுவரில் எழுதிவிட்டுப் போனான். தலைமுறை தலைமுறையாக இங்கேயே கிடக்கும் குடும்பத்துக்கு, தமிழரை இளக்காரமாகச் சொல்லும் அந்தப் பட்டம். எனக்கு ரத்தம் கொதித்தது. உனக்கோ அன்றிலிருந்து வாசற்படி தாண்டினால் வாயில் ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. உன் தொகுதி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டபோதும் முதல் நிபந்தனை அதுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் மறந்துபோய் "என்னடீ" என்றால் முறைப்பாய். அப்படியெல்லாம் பயந்து யாருக்காக வாழ்கிறாய் என்று நான் சண்டை போடுவேன். "ஓட்டு வேணும்ல" என்பாய்.

டெல்லியிலிருந்து தினமும் சாயங்காலம் மறுநாள் அலுவல் பட்டியலை அனுப்புவாய். சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்த நம் அலுவலகச் சுவரில் அதை ஒட்டி வைப்பேன். பதினொரு மணிக்குக் கேள்வி நேரம். அது முடிந்ததும் மேசை மீது வைக்கும் அறிக்கைகள், அவசரப் பிரச்சினைகள், சட்ட மசோதாக்கள். பக்கம் பக்கமாக மேசை மீது வைக்கிறார்களே, யார் படிக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அது படிக்கறதுக்கில்ல, வைக்கறதுக்கு" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கீழே சுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்தப் பெண்களுக்குத்தான் அப்போது தலைக்கு மேல் கத்தி தொங்கியது. கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தொழிலாளர் மருந்தகத்தைக் காக்கநாட்டுக்கு மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. புதுக் கட்டிடமாம், லிஃப்ட் உண்டாம், கார் நிறுத்த விசாலமான இடமாம். ஆயிஷாத்தாவிடம் கார் இருந்தால் அவள் எதற்குப் பகல் முழுக்கக் குந்தி உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிக்கிறாள்? நீ அவளை மறந்திருக்க மாட்டாய். பள்ளுருத்தியிலிருந்து வருவாள், வாய் ஓயாது, இருமலும் ஓயாது. அந்தத் தூசியில் வருஷக்கணக்காக வேலை செய்தால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? மருந்தகம் பக்கத்தில் இருந்ததால், மூச்சு முட்டினால் எழுந்துபோய் மருந்து வாங்கிக்கொண்டு, உச்சிப் பொழுதுக்குள் திரும்பி வந்து மறுபடி வேலையில் உட்கார்ந்துவிடலாம். காக்கநாடு என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. கூலி போகிறதே என்று போகாமல் இருந்தால் நெஞ்சு போச்சு. இதை நீ கலெக்டரிடம் சொன்னாய், துறைக்கு எழுதினாய், நேரில் போய்ப் பார்த்தாய். எல்லா இடத்திலும் பரிசீலிக்கிறோம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும்.

பிறகுதான் சபையில் கேள்வி போட்டாய். குலுக்கலில் உன் பெயர் விழுந்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது நான் ஆட்டமே ஆடினேன். பட்டியல் வந்தது. உன் கேள்வி பதினொன்றாவது. ஆட்டம் நின்றுபோயிற்று. ஒரு மணி நேரத்தில் ஐந்தோ ஆறோ கேள்விக்குத்தான் வாயால் பதில் வரும், மிச்சத்துக்கெல்லாம் காகிதத்தில்தான் பதில் என்று நீதானே எனக்குச் சொல்லித் தந்திருந்தாய்? காகிதத்தில் என்ன வரும், மறுபடியும் பரிசீலனைதான் வரும். அமைச்சரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டால்தான் உண்டு. அங்கே அவர் சொல்லும் சொல் குறிப்பில் ஏறிவிடும், நிறைவேறும்வரை ஒரு குழு விடாமல் துரத்தும் என்று நீ சொல்லியிருந்தாய்.

போதாக்குறைக்கு அன்று வெள்ளிக்கிழமை, அடுத்தடுத்து லீவு. உன் கட்சிக்காரர்களே காலையில் பெட்டியோடு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். உன்னையும் காரில் ஏறச் சொன்னார்கள். நானும் போனில் அதைத்தான் சொன்னேன், வராத கேள்விக்காக உட்கார்ந்திருப்பானேன், வந்து சேர் என்று. நீ கேட்கவில்லை. "வந்துட்டா? காலி நாற்காலியா எழுந்து கேட்கும்?" என்று போனை வைத்துவிட்டாய். பிடிவாதக்காரி என்று வாய்விட்டே திட்டினேன்.

பதினொரு மணிக்கு ஆயிஷாத்தாவும் மற்றவர்களும் கிடங்கு முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். உடம்பெல்லாம் சுக்குத் தூசி, ஆளாளுக்குத் தும்மல். டிவியில் முதல் கேள்வி இழுத்துக்கொண்டே போனது. இரண்டாவதில் கூச்சல். மூன்றாவது முடியும்போது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கீழே போய் வேலையைப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. சபாநாயகர் ஒரு பெயரைக் கூப்பிட்டார், ஆள் இல்லை. அடுத்தது, இல்லை. அதற்கடுத்தது, இல்லை. நடுவில் ஒருவர் இருந்தார், அவரும் சுருக்கமாக முடித்துக்கொண்டார். மறுபடி இல்லை, இல்லை, இல்லை. எல்லாரும் விமானத்தில் ஏறிப் போய்விட்டார்கள்! நான் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தேன், டிவியைப் பார்த்தேன். உன் பெயரைக் கூப்பிட்டார். நீ எழுந்தாய். மாடியில் ஒரு தும்மல்கூட இல்லை.

நீ கேள்வியின் எண்ணை மட்டும் சொன்னாய். அமைச்சர் எழுந்து, பதில் மேசை மீது வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இதுதான் அங்கே வழக்கம் என்று தெரியாத பெண்கள், இவ்வளவுதானா என்று என்னைப் பார்த்தார்கள். இனிமேல்தான் இருக்கிறது, துணைக் கேள்வி வரும் என்றேன். நீ எழுதி வைத்திருந்ததை அழகான மலையாளத்தில் கேட்டாய். அமைச்சர் காதுக்கருவியில் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு இந்தியில் பதில் சொன்னார். புதுக் கட்டிடத்தின் பெருமையெல்லாம் சொன்னார். பஸ் வசதி நன்றாக இருக்கிறது, தொழிலாளிகளுக்கு ஒரு சிரமமும் இராது என்றார்.

உன் முகம் மாறியதை நான் டிவியிலேயே பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். பள்ளியில் என் சாப்பாட்டை எடுத்துத் தின்ற பெண்ணை நீ அடிக்கப் போனபோது வைத்துக்கொண்ட முகம். கையிலிருந்த காகிதத்தை மேசையில் போட்டாய்.

"சார், ஒரு நாள் என்கூட வாங்க. சுக்குத் தூசி நெஞ்சை அடைச்சு மூச்சு வாங்கறவளைக் கையில பிடிச்சுக்கிட்டு, பள்ளுருத்தியில ஏறி, ரெண்டு பஸ் மாறிக் காக்கநாட்டுல இறங்குங்க. இறங்கினப்புறமும் சிரமம் இல்லேன்னு சொன்னீங்கன்னா, நான் வாயை மூடிக்கறேன்."

தமிழ். சுத்தமான நம் வீட்டுத் தமிழ். மொழிபெயர்ப்பாளருக்காக, மலையாளத்தில் பேசுவதாகத்தானே நீ முன்னதாகவே எழுதிக் கொடுத்திருந்தாய்! அமைச்சர் காதுக்கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. சபாநாயகர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி நேரம் முடிந்தது என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் பாழ்.

அந்த நேரத்தில் பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள். முதலில் ஒருவர், பிறகு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் நாலு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கட்சிக்காரர்களெல்லாம் சேர்ந்து தட்டினார்கள். பதில் வேண்டும், பதில் வேண்டும் என்று தமிழில் சத்தம். சபாநாயகர் சிரித்துவிட்டார். அமைச்சரைப் பதில் சொல்லச் சொன்னார். அதற்குள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அமைச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். உறுப்பினரோடு பஸ்ஸில் போவது எனக்குக் கௌரவம்தான், ஆனால் அதற்குத் தேவை இருக்காது, மருந்தகம் இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியை வைத்து அதை நான் அவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மாடியே அதிர்ந்தது. மரத்தரை இடிந்துவிடும் என்று கீழேயிருந்து முதலாளி கத்தினார். ஆயிஷாத்தா மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் மலையாளமும் நம் தெருத் தமிழும் கலந்துதான் பேசுவாள். "வீட்ல சண்டை போடற பாஷையிலயல்லே பேசினா! பின்னே அந்த ஆளு எங்ஙன தப்பிப்பான்?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் உன் போன் வந்தது. சந்தோஷமாகக் கத்துவாய் என்று எடுத்தால் நீ கேட்டது இதுதான்.

"டீ, நான் என்ன பாஷையில பேசினேன்?"

"நம்ம பாஷையிலதான்."

"ஐயோ. அடுத்த எலெக்ஷன் போச்சு."

போனை அந்தப் பெண்கள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவர்கள் போட்ட கூச்சலை நீ எவ்வளவு நேரம் கேட்டாயோ தெரியாது. திரும்பக் காதில் வைத்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். நானும்தான். மறுநாள் நீ வந்து இறங்கியதும் அவர்கள் உன்னைக் கட்டிப்பிடித்ததில் உன் வெள்ளைப் புடவை பழுப்பாகிவிட்டது. துவைக்கக் கொடுக்காதே, அப்படியே இருக்கட்டும் என்றாய்.

அடுத்த எலெக்ஷன் போகவில்லை. பாண்டி என்று எவனும் வாயைத் திறக்கவும் இல்லை. உன்னை எதிர்த்து நின்றவரே நம் தெருவுக்கு வந்து மைக்கில் தப்பும் தவறுமாக நாலு வரி தமிழ் பேசினார். நீயும் நானும் மாடி ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தகராறில் நான்தான் ஜெயித்தேன் என்று அன்று உன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதற்கு நீ, "மதி, பெருமையடிக்காதே" என்றாய், அதுவும் தெருவே கேட்கிறாற்போல் தமிழில்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. உனக்கும் பிடிக்காது.

நீ போன செய்தி கேட்டு, டெல்லியில் உனக்காக எழுந்து நின்றுவிட்டு அன்றைய அலுவல் முழுவதையும் தள்ளி வைத்தார்களாம். கேள்வி நேரத்தில் ஒரு நிமிஷம் வீணானாலே பல்லைக் கடிப்பவள் நீ. நீ இருந்திருந்தால் அவர்களையும் ஒரு பிடி பிடித்திருப்பாய்.

இங்கே உன்னை வண்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருந்தகத்து வாசலில் வண்டி நின்றது. உள்ளே காத்திருந்த பெண்களெல்லாம் கையில் டோக்கனோடு வெளியே வந்தார்கள். ஆயிஷாத்தா, நீ கிடந்த பக்கத்துக் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள், உதடு எதையோ முணுமுணுத்தது. அவ்வளவுதான். சட்டென்று திரும்பி உள்ளே நடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக நீ அப்படி நின்றாயோ அவர்களுக்கு மயானம் வரை வர மனம் வரவில்லையா? ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வரலையா ஆயிஷாத்தா என்று கத்தினேன்.

அவள் படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"டாக்டர் இப்ப போயிடுவார் மோளே. மருந்து வாங்காம நான் அங்க வந்தா, அவ எழுந்திருச்சு என்னைத் திட்டுவா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைப் பின்னால் கிடத்தி வைத்துக்கொண்டு, மாலைகளுக்கும் பூக்களுக்கும் நடுவில், நான் வாய்விட்டுச் சிரித்தேன். டிரைவர் என்ன நினைத்தாரோ. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நீ அப்படித்தான் திட்டுவாய். வண்டி நகர்ந்த பிறகும் நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவு திறந்து கிடந்தது, உள்ளே அவர்கள் வரிசையில் நின்றார்கள், ஒவ்வொருத்தியாக டாக்டர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்ணில் வருவது அந்த வரிசைதான்.