நாற்பத்தெட்டு மதிப்பெண்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். பதினெட்டாவதாக வந்த பெரியவருக்கு இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மனசு ஒரு இடத்தில் இருந்தால்தானே. தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள். மகள் வடிவியலைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

பதினொரு வயதில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வகுப்பு தாண்டியவள். இதில் தேறினால் பல்கலைக்கழகமே அவளை எடுத்துக்கொள்ளும். வெளியூரில் விடுதி, தனி ஆசிரியர்கள், பதினாறு வயதில் பட்டம். நாலு வயதில் மருந்துச் சீட்டில் இருந்த எண்களையெல்லாம் கூட்டிச் சொன்னாளே, அன்று ஓட ஆரம்பித்தவள் நான். இன்னும் நிற்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கீழே தெருவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் புத்தகத்தை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றாள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டேன்.

அந்த ஜன்னலில் வெயில் வருவதே இல்லை. அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 12, வியாழன்

விரல் நகங்களை ரத்தம் வரும்வரை கடித்து வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, பரீட்சை என்றால் எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள். அப்படித்தானே?

பிப்ரவரி 14, சனி

எழுதிவிட்டாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. சுலபமாக இருந்ததா என்று கேட்டேன். "இல்லம்மா, ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதினேன்" என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

நூற்றுக்கு நாற்பத்தெட்டு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி.

கத்தினேன். இது என் நோட்டு, உள்ளதை எழுதலாம். உனக்காக எதையெல்லாம் விட்டேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். மேலே படிக்காமல் விட்டது, தங்கை கல்யாணத்துக்கு ஒரே நாள் போய்விட்டு ஓடிவந்தது, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை தலையில் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அழவில்லை. ஏன் அழல? ரெண்டு மார்க்ல போச்சேன்னு ஒரு வருத்தம்கூடவா இருக்காது?

பிப்ரவரி 23, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். தேர்வை நடத்திய பேராசிரியர் அம்மா என் வயதுதான் இருப்பார். மகளின் விடைத்தாளையும், கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்த தாள்களையும் மேஜையில் பரப்பினார்.

"இவளுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு. இந்தத் தாள்ல சரியாப் போட்டுப் பார்த்திருக்கா. விடைத்தாள்ல மட்டும் மாத்தி எழுதியிருக்கா."

நானே ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிட்டேன். ஒரு கணக்கில் சரியான விடையைப் போட்டு, கீழே கோடுகூட இழுத்திருக்கிறாள். விடைத்தாளில் அதே விடையை ஒன்று கூட்டி எழுதியிருக்கிறாள்.

இப்படிக் கணக்குப் பார்த்துத் தோற்கிற பிள்ளையை விட மனமில்லை, நீங்கள் சரியென்றால் இடம் தயார் என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். என் பிள்ளை தோற்கவில்லை!

பிப்ரவரி 24, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, புதன்

இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி பார்த்ததால் தப்பித்தேன். பத்து வருடத்தில் இதுதான் முதல் முறை.

ஏன் மாற்றி எழுதினாள்? என்னைப் பழிவாங்கவா? அப்படி என்ன செஞ்சுட்டேன் நான்?

பிப்ரவரி 26, வியாழன்

அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். லிப்டு பழுது பார்க்கிறவர். வேலை முடிந்து வந்து, கையிலிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். ஆச்சரியமே படவில்லை.

"எனக்குத் தெரியும். எவ்வளவு எடுத்தா பாஸ் ஆகாதுன்னு எங்கிட்ட ஒரு மாசம் முன்னாடியே கேட்டா."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

என்ன செய்திருப்பேன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதிரித்தாளையும் நானே திருத்தியிருப்பேன். குளிக்கப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

பிப்ரவரி 28, சனி

மத்தியானம் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டேன் என்றேன். முகம் வெளுத்துவிட்டது.

"அதைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அதென்ன நாற்பத்தெட்டு என்று கேட்டேன்.

"ரொம்பக் கம்மியா எடுத்தா நீ கண்டுபிடிச்சிருவ."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. இடம் இன்னும் அவளுக்காக இருக்கிறது என்று சொன்னேன். கால்களை மடித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே, அதை இன்று கேட்டேன்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"ஆறாம் வகுப்பு."

"அதெல்லாம் நீ எப்பவோ முடிச்ச பாடம். அங்க போய் என்ன பண்ணுவ?"

"அங்க எல்லாரும் என் உயரம்மா."



மார்ச் 1, ஞாயிறு

பேராசிரியருக்கு 'சரி' என்று எழுதி அழித்தேன். மூன்று தடவை. விவரம் தெரியாத பிள்ளை, பின்னாடி என்னைத்தானே திட்டுவா? அனுப்பினாலும் திட்டுவா. எதுக்குத் திட்டு வாங்கினா தேவலை?

மார்ச் 2, திங்கள்

வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். வருத்தப்படுவீர்கள் என்றார் அவர். வருத்தமாகத்தான் இருக்கிறது என்றேன். போனை வைத்தேன். ரத்தம் கொடுக்க வந்த அடுத்த ஆளைப் பக்கத்து மேஜைக்காரியிடம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தலைமையாசிரியருக்கு முதலில் புரியவே இல்லை. "மேல ஏத்துங்கன்னு வருவாங்க. இறக்குங்கன்னு வந்த முதல் அம்மா நீங்கதான்" என்றார். பிள்ளைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று குரலைத் தணித்துக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். பிறகு அவரோடு சேர்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். 'காரணம்' என்ற இடத்தில் வயது என்று மட்டும் எழுதினேன்.

ஏப்ரல் 18, சனி

அவளுடைய ஆறாம் வகுப்புத் தோழி ஒருத்தி வந்திருக்கிறாள். முன்பல் ஒன்று உடைந்த, சத்தமாகப் பேசுகிற பெண். இருவரும் அறைக்குள் போய் ஒரு மணி நேரமாகிறது. கடினமான கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். சும்மா புரட்டிப் பார்க்கட்டுமே என்றுதான். அதை எடுத்துக்கொண்டு கதவு வரை போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. எதற்கென்று தெரியவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்தேன்.

"என்னம்மா?"

ஒன்றுமில்லை என்றேன். புத்தகத்தை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டேன்.

"அப்ப போம்மா, நாங்க பேசிட்டு இருக்கோம்."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.