வலது பெட்டி, இடது பெட்டி

பேளுக்குறிச்சி
8.6.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்கா ஜெசிந்தாவுக்கு, தம்பி பிலிப் எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் சுகம். மலை மேல நீ எப்படி இருக்கே? போன் பண்ணினா மூணாவது நிமிசத்துல யாராச்சும் ஒருத்தர் வச்சிடறோம். அதனாலதான் கடுதாசி. கடுதாசியில நீ குறுக்க பேச முடியாது பாரு.

அப்பா போயி ஒன்றரை வருசம் ஆச்சு. நாற்பதாம் நாள் பூசை முடிச்ச கையோட, அவரு கையால செஞ்ச வால்வு ஆம்ப்ளிஃபயர் செட்டு ரெண்டையும், ஸ்பீக்கர் பெட்டி ரெண்டையும் ஆளுக்கொண்ணாப் பிரிச்சோமே, அதை இன்னமும் ஊரே சொல்லிச் சிரிக்குது. சந்தையில அப்பாசாமி சித்தப்பா, "ஏண்டா, சோடிச் செருப்புல ஆளுக்கொரு காலு எடுத்துக்கிட்டீங்களாமே"ங்கறாரு. ஒண்ணு உன் பெட்டியைக் குடு, இல்லாட்டி என் பெட்டியை வாங்கிக்கன்னு அன்னைக்கே சொன்னேன். நீ, "பதினேழு வயசுல என்னைத் துரத்தின ஊடு, இனி வாசப்படி மிதிக்கமாட்டேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டே.

அது கிடக்கட்டும். இப்ப எழுதறது வேற சங்கதிக்கு. கடையில பரண் சுத்தம் பண்ணறப்ப ஒரு கேசட் கிடைச்சது. மேல அப்பா கையெழுத்து: 'ஸ்டீரியோ டெஸ்ட், 1987'. டெக்குல போட்டு என் பெட்டியில கேட்டேன். அப்பா குரல் அக்கா! "கேக்குது, கேக்குது. நீ பாட்டுக்கு வேலையைப் பாத்துக்கிட்டே பேசு"ங்கறாரு. யாருகிட்ட? ஒரு சத்தமும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு "எந்தப் பாரம்?"னு கேக்கறாரு. மறுபடி சத்தமில்ல. அப்புறம் கோவமா, "அவ எதுக்குப் போகணும்?"ங்கறாரு. அப்பாவுக்கு அந்த வயசுலயே தனியாப் பேசற பழக்கம் இருந்துச்சா? உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?

இன்னொண்ணு. என் செட்டு எந்நேரமும் ம்ம்ம்னு முனகுது. மிக்ஸி, ஃபேன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பார்ப்பேன். வால்வு செட்டை அப்பா என்னைத் தொடவே விட்டதில்ல, இப்பவும் பயமா இருக்குது.

அன்புத் தம்பி,
பிலிப்


சோளக்காடு
15.6.2024

பிலிப்புக்கு,

உன் கடுதாசி கிடைச்சது. முப்பது வருசத்துக்கு மேல ரிப்பேர் கடை வச்சிருக்கறவன் எழுதற கடுதாசியாடா இது? மிக்ஸிக்கு வலது இடது கிடையாது, சரி. பாட்டுக்கு உண்டுல்ல?

அப்பா தனியா ஒண்ணும் பேசல. 'ஸ்டீரியோ டெஸ்ட்'னு அவரே எழுதி வச்சிருக்காரே. ரெண்டு மைக் வச்சிருப்பாரு. ஒண்ணு அவர் பக்கத்துல, ஒண்ணு வேற எங்கயோ. உங்கிட்ட இருக்கறது வலது செட்டு, வலது பெட்டி. அதுல வலது பக்கம் மட்டும்தான் கேக்கும். அவருகிட்டப் பேசின ஆளு என் பக்கம் இருக்காங்க. கேசட்டை அனுப்பி வை. பழைய டெக் ஒண்ணு எங்கிட்டயும் இருக்கு.

இங்கயும் இதே கூத்துதான். நான் பழைய பாட்டுத்தட்டு போட்டா வயலினும் தபலாவும் மட்டும்தான் வரும், பாடற அம்மா வரமாட்டாங்க. நான் மருந்து குடுக்கற ஆஸ்பத்திரிக்கு பிரஷர் மாத்திரை வாங்க வர்ற மயிலம்மாள், பக்கத்து மரவள்ளிக்காட்டுக்காரி, சாயந்தரமானா பலாச்சுளையோட வந்து உக்காந்துக்குவா. "ஏனுங்க, பாடறவங்க எங்கீங்க?"ன்னு கேட்டா. பேளுக்குறிச்சியில இருக்காங்கன்னேன். "பஸ்ஸுல வரச் சொல்லுங்க"ங்கறா! ஒரு வயரைப் பிடுங்கி மாத்திக் குத்தினா பாடறவங்க இங்கயும் வந்துருவாங்க. மாட்டேன். பங்குன்னா பங்குதான். எனக்கு அப்பா கொடுத்தது எப்பவுமே பாதிதானே.

உன் செட்டு முனகறதுக்கு வால்வு காரணமில்ல. எர்த் ஒயர் ரெண்டு இடத்துல தொட்டுக்கிட்டிருக்கும். ஒரு இடத்துல எடுத்துவிட்டு, இன்னொரு இடத்துல நல்லா சால்டரிங் வை. அணைச்சு அரைமணி நேரம் கழிச்சு மூடியைக் கழட்டு. ஒரு கையைப் பின்னால கட்டிக்க. அப்பா அப்படித்தான் நிப்பாரு, ஞாபகம் இருக்கா? ரெண்டு கையும் உள்ள போனா ஷாக் நெஞ்சு வழியாப் போகும்.

அவரு பேசினதை ஒரு வார்த்தை விடாம எழுதி அனுப்பு. "அவ எதுக்குப் போகணும்"னா, எவ? எங்க?

ஜெசிந்தா


பேளுக்குறிச்சி
22.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கேசட்டை பஸ் கண்டக்டர் பூபதி கையில குடுத்து விட்டிருக்கேன். துணியில சுத்தி, பிஸ்கட் டப்பாவுல வச்சிருக்கேன். சோளக்காட்டுல இறங்கி உன் கையிலயே குடுக்கறேன்னு சொல்லியிருக்கான்.

ஒரு நல்ல சேதி. முனகல் போச்சு! நீ சொன்ன மாதிரியே ஒரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வேர்த்து ஊத்த ஊத்த, எர்த் ஒயரை எடுத்து வச்சேன். ரெண்டே நிமிச வேலை. இத்தனை வருசமா இதுக்கா பயந்தேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. வால்வு சூடாகி செவக்கறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். வந்த கஸ்டமரு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டுப் போயிட்டாரு.

அப்பா பேசினதை எழுதறேன்:

"கேக்குது, கேக்குது. நீ பாட்டுக்கு வேலையைப் பாத்துக்கிட்டே பேசு."

"எந்தப் பாரம்?"

"அவ எதுக்குப் போகணும்? கடையில எங்கூட இருக்கட்டும்."

அதுக்கப்புறம் ஒரு இடம் தெளிவா இல்ல. டேப்பு பழசு.

"நானா அவகிட்டச் சொல்றது? எனக்கு மனசு வரல புள்ள."

ரொம்ப நேரம் சத்தமில்ல. அப்புறம் மெதுவா:

"சரி. எம்பேரையே சொல்லிக்க. கோவம் எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

கடைசியா, "பாலு பொங்குது பாரு, பாலு!"ன்னு கத்தறாரு. அதோட முடிஞ்சுது. 'புள்ள'ன்னா அது அம்மாதான். ஆனா அப்பா ஹால்லதானே எப்பவும் செட்டு முன்னால உக்காந்திருப்பாரு? சமையல்கட்டுல பால் பொங்கறது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? இதுதான் எனக்கு மண்டையைக் குடையுது.

'அவ, அவ'ன்னு அவரு சொல்றது உன்னைத்தான்னு நினைக்கறேன். கேட்டுட்டு உடனே எழுது.

பிலிப்


சோளக்காடு
2.7.2024

பிலிப்பு, சாமி,

கேசட் வந்து பத்து நாளாச்சு. உடனே எழுதலைன்னு கோவிச்சுக்காதே, எழுத உக்காந்து மூணு தாளைக் கிழிச்சுப் போட்டேன்.

என் பக்கம் அம்மா இருக்கா. அம்மா போயி இருபத்தஞ்சு வருசம் ஆச்சேடா, அவ குரல் எனக்கு மறந்தே போயிருந்துச்சு. டெக்கைத் தட்டினதும், பாத்திரம் உருட்டற சத்தத்துக்கு நடுவுல "கேக்குதுங்களா?"ன்னு கேட்டா. பதில் இல்ல. எனக்கு அழுகை வந்துருச்சு. மயிலம்மாள் பயந்துபோயி தண்ணி கொண்டாந்து குடுத்தா.

பால் விசயத்தை முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது. மைக் ஒண்ணை ஒயர் இழுத்துச் சமையல்கட்டுல வச்சுட்டு, ஹால்ல அப்பா காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. அம்மா முதுகுக்குப் பின்னால பால் புசுபுசுன்னு ஏறற சத்தம் இங்க அவ்வளவு சுத்தமாக் கேக்குது. பக்கத்துல நிக்கற அம்மாவுக்குக் கேக்கல, ஹால்ல இருக்கற அவருக்குக் கேட்டிருக்கு.

இப்ப அம்மா பேசினது. நீ எழுதினதை மடியில வச்சுக்கிட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"ஜெசிந்தாவுக்கு அப்ளிகேசன் பாரம் வாங்கியாச்சு. ஃபாதர் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாரு."

"திருச்சி ஹாஸ்டல். மருந்து படிப்பு."

"கடையில இருந்து என்ன ஆகப்போகுது? மாசம் பொறந்தா சம்பளம்னு அவ கையில இருக்கோணும். எம்மாதிரி ஒருத்தர் மூஞ்சியைப் பாத்து நிக்கக் கூடாது."

"நான் சொன்னா எங்கிட்டப் பேசவே மாட்டா. என்னால அதைத் தாங்க முடியாதுங்க. உங்க வாயால சொல்லிருங்க."

அதுக்கு அவரு சொன்ன பதில் உன் கடுதாசியில இருக்கு. எம்பேரையே சொல்லிக்க.

பிலிப்பு, பஸ் ஸ்டாண்டுல அவரு "இங்க உனக்கு வேலை இல்ல, போ"ன்னாரு. என் முகத்தைக் கூடப் பார்க்கல. சால்டரிங் வாசனையை விட்டுட்டு, மாத்திரை எண்ணற வேலைக்குப் போனேன். பொண்ணுங்கறதால துரத்திட்டாரு, பையனுக்குக் கடையைக் குடுத்துட்டாருன்னு முப்பத்தேழு வருசமா அவரு மேல கடுகடுத்துக்கிட்டே இருந்தேன். படுக்கையில கிடந்தப்ப நீ எத்தனை தடவை கூப்பிட்டே. வந்தனா? ரெண்டு மணி நேர பஸ்ஸு. பொணத்தைப் பார்க்கத்தான் வந்தேன். அம்மா மேலயும் என்னால கோவப்பட முடியல. அவ வாங்கிக் குடுத்த சம்பளத்துலதானே நான் இன்னைக்கு நிமிர்ந்து நிக்கறேன்.

ஒரு கேள்வி. நடுவுல ஒரு இடம் தெளிவா இல்லைன்னு எழுதியிருக்கே. என் பக்கம் டேப்பு கண்ணாடி மாதிரி இருக்கு, உன் பக்கம் மட்டும் எப்படிடா கெட்டுப்போகும்? வயரை மாத்திக் குத்தினா ஒரு நிமிசத்துல எனக்குத் தெரிஞ்சுடும். குத்தல. நீயே எழுது.

அக்கா


பேளுக்குறிச்சி
9.7.2024

அக்கா,

தெளிவாத்தான் இருந்துச்சு.

"அவ கை மாதிரி வராது. கடையே அவளுக்குத்தான்னு நினைச்சிருக்கேன். பிலிப்புக்குக் கை வராது, ஈயம் உருகறதுக்குள்ள அவனுக்குப் பொறுமை போயிருது."

இதுதான் அவரு சொன்னது. போதுமா?

எனக்கு அப்ப பதினாலு வயசு. நான் எங்க இருந்திருப்பேன்? வாசல்ல அவரு சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு நின்னிருப்பேன். நீ போனதுக்கப்புறம் வேற வழி இல்லாம என்னைக் கடையில உக்கார வச்சிருக்காரு. கடை அவரு கடை, பேரு அவரு பேரு. கடைசி ரெண்டு வருசம் நான்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டினேன். அப்பவும் வால்வு செட்டைத் துடைக்கப் போனா, "அதைத் தொடாதடா"ம்பாரு. ஏன்னு இப்பத்தான் விளங்குது. நீ பாதிதான் கிடைச்சுதுங்கறே. முழுசும் உனக்குன்னுதான் அவரு வச்சிருந்திருக்காரு. என்னுதுன்னு ஒண்ணுமே இல்ல.

உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் மறைச்சேன். இப்ப சொல்லிட்டேன், மனசு லேசாகலை. என் செட்டும் பெட்டியும் சாக்குல கட்டி வச்சிருக்கேன். அடுத்த வாரம் பூபதிகிட்ட ஏத்திவிடறேன். உன் கையிலதான் அது இருக்கோணும். கை வராதவன்கிட்ட எதுக்கு?

பிலிப்


சோளக்காடு
12.7.2024

கண்ணு பிலிப்பு,

ஏத்தாதே. சாக்கை அவுத்துடு. பெட்டியில பேப்பர் கோன் இருக்கு, கண்டக்டர் தூக்கிப் போட்டான்னா கிழிஞ்சுரும்.

நீ மட்டுமா மறைச்சே? நானும் ஒரு இடத்தை விட்டுட்டுத்தான் எழுதினேன். அப்பா உன்னைப் பத்திச் சொன்னாருல்ல, அதுக்கு அம்மா உடனே பதில் சொல்றா. உன் கடுதாசியில அவரு சொன்னது இல்லாததால எதுக்குப் பதில்னு எனக்குப் புரியல. ஆனா என்னைப் பத்திச் சொன்னது புரிஞ்சுது. சுட்டுச்சு. அதான் எழுதல. கேளு:

"கை வராட்டிப் போகுதுங்க. கத்துக்குவான். நாளைக்கு நீங்க விழுந்தீங்கன்னா பிலிப்புதான் தூக்குவான், அவன் உங்கள விட்டு எங்கயும் போகமாட்டான். ஜெசிந்தாவுக்கு உங்க ரோசம். ஒரு சொல்லு பொறுக்கமாட்டா, திரும்பிப் பார்க்கமாட்டா."

ரெண்டு பேரைப் பத்தியும் அம்மா சொன்னது பலிச்சுப்போச்சு. உனக்கு நல்லபடியா, எனக்கு இப்படி. உன் கடுதாசி வந்தன்னைக்கு முதல் தடவையா வயரை மாத்திக் குத்தி அப்பாவைக் கேட்டேன். அம்மா அப்படிச் சொன்னதுக்கப்புறம் அவரு ஒண்ணும் மறுக்கல. தொண்டையைச் செருமிக்கிட்டு, "ம்"னாரு. ஒரே ஒரு 'ம்'. நீ அதை இருமல்னு நினைச்சு விட்டிருப்பே. இது அம்மாவுக்குச் சொன்ன 'ஆமா'டா.

இப்ப சொல்றதைக் கேளு. அடுத்த வாரம் சனிக்கிழமை லீவு போட்டிருக்கேன். காலைப் பஸ்ஸுல என் செட்டையும் இடது பெட்டியையும் மடியில வச்சுக்கிட்டு வாரேன். மயிலம்மாளும் வாரேங்கறா, பாடறவங்களைப் பார்க்கோணுமாம். ஹால்ல உன் பெட்டியை வலது மூலையில வை. எட்டடி விட்டு இடது மூலையை எனக்கு ஒழிச்சு வை. நடுவுல நாம ரெண்டு பேரும் உக்கார ஒரு பாய் போடு. அம்மா "கேக்குதுங்களா"ன்னு கேக்கறதும், அப்பா "கேக்குது, கேக்குது"ங்கறதும் ஒரே நேரத்துல, ஒரே ஊட்டுக்குள்ள கேக்கோணும் எனக்கு.

ஒரு சிரமம். இங்க மழையும் பனியும் ஒரு மாசமா விடல. என் செட்டுல ஒரு வால்வு உக்கார்ற சாக்கெட்டு ஆடுது, பாட்டு விட்டு விட்டு வருது. நானே சால்டரிங் வச்சிருப்பேன், அஞ்சு நிமிச வேலை. வைக்கல. அப்படியே கொண்டு வாரேன். சால்டரிங் அயனைச் சூடு பண்ணி வை. நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டு மட்டும் இருப்பேன், நீதான் வைக்கோணும்.

ஒரு கையைப் பின்னால கட்டிக்க.

உன் அக்கா,
ஜெசிந்தா