ஐந்தாம் நாள் மண்டகப்படி

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.7.2025

என் ராசா லிங்கேசுவுக்கு, உன் ஆச்சி ஆசையோடு எழுதுவது.

இங்கே சுகம். உன் சுகம்தான் போனில் விளங்க மாட்டேன் என்கிறது. ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "வைக்கேன் ஆச்சி" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாப்புக்காரி கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

மணிப்பூரிலிருந்து நீ மாசாமாசம் அனுப்பியதில் நான் கை வைக்கவே இல்லை. சேர்த்து ஒரு லட்சம் ஆனதும், கோயில் திருவிழாவில் ஐந்தாம் நாள் மண்டகப்படியை உன் பேரில் எடுத்துவிட்டேன். மேளம், பூ, சாப்பாடு எல்லாம் நம் செலவு. தெருமுனையில் பெரிய போர்டு. அதில் உன் படம், 'இம்பால் மருந்துக்கடை முதலாளி, உபயம் ரூபாய் ஒரு லட்சம்' என்று. ராஜபாளையத்து உன் மாமன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னீரே, இப்பப் பாரும்" என்று கேட்டுவிட்டேன். அடுத்த வீட்டு வேல்பாண்டி அதைப் படம் பிடித்து, உன் கடைப் பேரோடு பேஸ்புக்கில் போட்டிருக்கிறான்.

உன் கடைக்குப் பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் நம் பக்கத்துப் புதுப்பட்டி ஜாஸ்மினைக் கேட்டதாகச் சொல். புருஷன் இல்லாத பிள்ளை. ஒத்தாசையாக இரு.

அழகுத்தாய்


இம்பால்,
30.7.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

வேல்பாண்டி பேஸ்புக்கில் போட்ட அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள். இனி நீக்கியும் பயனில்லைதான். இதைப் போனில் பேச வேண்டாம், போனை வாங்கிப் பார்க்கிறார்கள்.

இங்கே காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் இயக்கத்துக்கு நாங்கள் வரி கட்டுகிறோம். லாரிக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு. ரசீதும் உண்டு. கடை ஓடவில்லை என்று கெஞ்சி, மாதம் இரண்டாயிரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் போனில் உங்கள் போர்டைக் காட்டி, "சாமிக்கு ஒரு லட்சம், எங்களுக்கு இரண்டாயிரமா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஐந்து லட்சம் வேண்டுமாம். அவர்கள் வைத்துவிட்டுப் போன கவரில் ஒரு துப்பாக்கிக் குண்டு இருந்தது.

லிங்கேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
11.8.2025

ஐயா லிங்கேசு,

என் பெருமை உன் உயிருக்கு வந்து நிற்கிறது. கடை போனால் போகட்டும், நீ வந்துவிடு. ராஜபாளையத்தில் உன் மாமனுக்குத் தெரிந்த பேண்டேஜ் துணிக் கம்பெனி இருக்கிறது. அவர் காலில் நானே விழுகிறேன். போர்டைப் பார்த்து நான் பேசிய பேச்சுக்கு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அழகுத்தாய்


இம்பால்,
2.9.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

யார் காலிலும் விழ வேண்டாம். பேசி முடித்தாகிவிட்டது. ஐந்து லட்சம் வேண்டாம் என்றுவிட்டார்கள். எப்படி என்று கேட்காதீர்கள். மணியார்டரில் ஐயாயிரம் அனுப்பியிருக்கிறேன். பால் வாங்கிக் குடியுங்கள்.

லிங்கேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
24.9.2025

லிங்கேஸ்வரனுக்கு,

நேற்று ஜாஸ்மினின் அம்மா புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் மககிட்ட வரி வாங்க இப்ப வேத்து ஆளு வரலியாம். உம்ம பேரன்தான் வாரானாம். அந்தத் தெருவுல அம்புட்டுக் கடைக்கும் அவன்தான் வசூலாம்" என்றாள்.

"யார்ட்டி சொன்னது? பொய்யி" என்று கத்தினேன்.

"காசு பத்தலன்னு கம்மலைக் கழட்டிக் குடுத்திருக்கா. கேக்குறவன் நம்மூர்க்காரன், அடிக்க மாட்டான்மான்னு எனக்கு ஆறுதல் சொல்லுதா."

அவள் போன பொறவு நான் அடுப்பு மூட்டவில்லை.

இந்தப் பாவத்தில் பாதி என்னுடையது. நான் போர்டு வைத்திருக்காவிட்டால் உனக்கு இந்த வேலை வந்திருக்காது. உயிருக்குப் பயந்து செய்தாய், அதுவும் தெரிகிறது. ஆனால் அந்தக் கம்மல் எந்தக் காட்டில் யாரைச் சுடுகிற குண்டாகப் போகிறதோ! அதில் உன் பங்கு ஐயாயிரத்தை நான் பாலாகக் குடிக்க மாட்டேன்.

இன்று காலையில் போஸ்ட்மேன் சங்கரலிங்கம் மணியார்டரை நீட்டினான். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்து போகிறவன்.

"அனுப்புனது யாருன்னு எனக்குத் தெரியாதுப்பா, திருப்பிரு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். 'வாங்க மறுத்துவிட்டார்' என்று தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அழகுத்தாய்