கையைக் கட்டு, வாயைப் பொத்து

23-10-61, திங்கள்
விடியலிலிருந்து தூறல். வகுப்பில் ஒழுகல். பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைக்கவே முதல் பீரியட் சரி.

கதீஜா இன்றும் பக்கத்திலிருக்கும் செல்வியைக் கிள்ளினாள். கூச்சல், உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டம். கைக்குழந்தையில் அம்மை போட்டுப் பார்வை போன பிள்ளை. இப்போது இரண்டாம் வகுப்பு. "நாலெழுத்து காதுல விழட்டும் டீச்சர்" என்று, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் அவள் அத்தா கெஞ்சிச் சேர்த்தது.

தலைமையாசிரியர்: "வெள்ளிக்கெழம இன்ஸ்பெக்டர் வர்றாரு. அன்னைக்கும் இது கத்துச்சுன்னா பேரை அடிச்சிருவேன்."

இது. பெயர் வாயில் வராது அவருக்கு.

24, செவ்வாய்
குடை ரிப்பேர். மண்ணெண்ணெய் வாங்கணும்.

நாள் முழுக்க "கையைக் கட்டு, வாயைப் பொத்து" பழக்கினேன். மற்றதுகள் பொம்மை மாதிரி. கதீஜா கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு செல்வி கையில் நகம் பதிய ஒரு கிள்ளு. கத்தித் தீர்த்தேன்.

25, புதன்
தொண்டை கட்டு. மிளகுப் பால். கத்த முடியாததால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏண்டி கிள்ளுறே?"

"எல்லாரும் போயிட்டாகளான்னு பாத்தேன் டீச்சர். கிள்ளுனா செல்வி கத்துவால்ல."

கண் உள்ளதுகளுக்குக் கையைக் கட்டி வாயைப் பொத்துவது ஒழுக்கம். இவளுக்குக் கையும் சத்தமும்தான் கண். இரண்டையும் மூடி வைத்துவிட்டு, அடங்கு அடங்கு என்கிறேன்.

யோசித்தால், காலையில் பெயர் கூப்பிடும்போது மட்டும் அவள் ஆடியதே இல்லை. ஒவ்வொரு "உள்ளேன் டீச்ச"ருக்கும் முகம் அந்தப் பக்கம் திரும்பும்.

26, வியாழன்
கணக்குக்கு நடுவில் ஒரு தடவை, மதியம் தூக்கம் தள்ளும்போது ஒரு தடவை, பெயர் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்கு விளையாட்டு. கிள்ளல் இல்லை.

நாளைக்கு அவள் செல்வி கையைப் பிடித்துக்கொள்ளட்டுமே என்றேன். த.ஆ.: "ஒருத்திக்கு ஒரு சட்டமா டீச்சர்?"

27, வெள்ளி
மழை விட்டது. இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லாரும் கையைக் கட்டி, வாயைப் பொத்தி. கதீஜாவும்.

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே நின்றார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் ஆட ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே கூப்பிட்டாள், என் குரலில்:

"அமுதா."

பழக்க தோஷம். "உள்ளேன் டீச்சர்."

"பாண்டியம்மா." "உள்ளேன் டீச்சர்."

வரிசை தப்பாமல் வகுப்பு முழுக்க. யாரையும் கிள்ளவில்லை பிள்ளை. இருக்கிறார்களா என்று கேட்டாள், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும்.

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். த.ஆ. என்னைப் பார்க்கவே இல்லை.

30, திங்கள்
நல்ல வெயில். ரிஜிஸ்டரில் கதீஜா பெயர்மேல் சிவப்புக் கோடு. "அத்தாவை வரச்சொல்லி அனுப்பிருங்க" என்றார் த.ஆ.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. தன் இடத்தில் இருக்கிறாள். நான் சொல்லாமலே, கையை இறுகக் கட்டிக்கொண்டு.

பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். கோட்டுக்கு அடியிலும் எழுத்து தெரிகிறது.

"கதீஜா."

"உள்ளேன் டீச்சர்."

வாசலில் த.ஆ. வந்து நின்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.