மீரான் பாய் படம் கீழே இறங்கி வந்தது

புந்தோங், ஈப்போ
15.8.1983

என் தங்கம் ஜெயபாலனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை நல்லம்மாள் மூவரும் சுகம், சிங்கப்பூரில் உன் உடம்பும் மனசும் நல்லபடி இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, சுருட்டைத்தான் அவர் விடவில்லை. உன் கல்யாண விருந்துக்கு மண்டபம் பார்த்துவிட்டதாக எழுதியிருந்தாய், அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன், முதலில் நேற்று நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

ஊனமுற்றோர் சங்கத்துச் செயற்குழுவில் இருந்த நாகூர் மீரான் பாய் தவறி ஒரு வருஷம் ஆகிறதல்லவா, நேற்று அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தோம். சுங்காய் தோட்டத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்த உன் தங்கையைத் தேடி, சாப்பாட்டுக் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர், சக்கர நாற்காலி வாங்கித் தந்து தையல் படிக்க வைத்தவர், அவர் இல்லாவிட்டால் நாம் புந்தோங்குக்கே வந்திருக்க மாட்டோம். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். முன்பு சங்கத்து விருந்தை மாடியில் வைத்து, நடக்க முடியாதவர்களை நாலு பேர் தூக்கிட்டு வந்திடலாம்லா என்று தலைவர் சொல்ல, அவங்க என்னா அரிசி மூட்டையா என்று கேட்டுவிட்டு, தட்டோடு இறங்கி வந்து கீழே இருந்த கடை வாசலில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாரே, அந்த மனுஷன்.

அப்பேர்ப்பட்டவருக்கு மண்டபம் பிடித்தது யார் என்கிறாய்? உன் அம்மாதான். நானும் பாயின் சம்சாரம் ரஹ்மத் அக்காவும் போய், ஃபேன் சுற்றுகிறதா, மைக் கத்துகிறதா, நாற்காலி எத்தனை என்றெல்லாம் பார்த்தோம், ஏறிப் போன இருபது படியைப் பார்க்கவில்லை! நேற்றுக் காலை வேன் வந்தது, ஒன்பது சக்கர நாற்காலி இறங்கியது, எல்லோரும் படியை அண்ணாந்து பார்த்தார்கள். ரஹ்மத் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு, அவரு இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் உரிச்சு எடுத்திருப்பாரு வீரம்மா என்றார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நல்லம்மாள்தான் பாயைப் பற்றிப் பேச வேண்டியவள், பத்து நாளாகத் தையல் மெஷினிடம் பேசிப் பேசிப் பழகியிருந்தாள். அப்பா வழக்கம்போல் அவளைத் தூக்கக் குனிந்தார். கையைத் தள்ளிவிட்டாள் ஜெயபாலா! வேணாம்ப்பா, மூட்டையா போயி பாயைப் பத்திப் பேச மாட்டேன், வாங்க வீட்டுக்குப் போலாம் என்றாள். அப்பா முகம் சுருங்கிவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஓடினேன், தலைவர் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார், நேரே போய் பாயின் படத்தைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, பாய் கீழ போறாரு, வர்றவங்க வாங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அடேயப்பா, மண்டபமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வருகிறது, தலைவர் கையில் இரண்டு!

மைக் இல்லை. போகிற வருகிற பஸ் சத்தத்துக்கு மேல் உன் தங்கை கத்திப் பேசினாள். தோட்டத்துக்கு வந்த அன்னிக்குப் பாய் எங்க அப்பா அம்மாகிட்டப் பேசல, என்கிட்டத்தான் வந்து, உனக்கு என்னம்மா வேணும்னு கேட்டாரு, அதுக்கு முன்னாடி யாரும் என்னைக் கேட்டதில்ல என்றாள். எனக்குச் சுருக்கென்றது, பெற்ற நானே கேட்டதில்லையே. ஜனங்கள் கைதட்டியது நிற்கவே இல்லை, நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ரஹ்மத் அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார், அப்பா மூன்று கிளாஸ் குடித்தார்.

இப்போது உன் மண்டபத்துக்கு வருகிறேன். மாடிதான், லிஃப்ட் இல்லை, தங்கச்சியை நானும் கூட்டாளிகளும் தூக்கிக்கலாம் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த அன்று அவள், நான் வரல, நீங்க போயிட்டு வாங்க என்றாள், பஸ் பயணத்துக்குப் பயப்படுகிறாளாக்கும் என்று நான் விட்டுவிட்டேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இன்று காலை அவள் தலையை வாரும்போது முதல் தடவையாகக் கேட்டேன், உனக்கு என்னம்மா வேணும் என்று. அண்ணன் கல்யாணத்துக்கு நானே உருட்டிக்கிட்டு உள்ள போகணும்மா என்றாள்.

நீயும் வரப்போகிற மருமகளும் நூறு வருஷம் சேர்ந்து வாழ வேண்டும், எந்தக் குறையும் அண்டக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு. தரையில் மண்டபம் பார், வாசலில் படி இருக்கிறதா என்று நீயே போய் நின்று பார். இல்லாவிட்டால் படத்தைக் கழற்றிய இந்தக் கை உன் மணமேடையையும் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. வீரம்மா