எலும்பு கூட்டும் பூண்டு

சிஸ்டர்,

இன்று காலை நம் மலையூர் ஒண்டிக்கடையில், என் மருந்துச் சரக்குக் கடைக்குப் பின்னால் களை பிடுங்கும்போது செந்தட்டி பட்டுப் புறங்கை எரிந்தது. மூடுபனிக்குள் என் கண்கள் தாமாகவே அந்த அகன்ற இலையைத் தேடின. உங்கள் அயர்லாந்தில் 'டாக்' என்பீர்களே, அதன் சாயலில் இங்கும் ஒன்று முளைக்கிறது. "நல்லாக் கசக்கித் தேய்ங்க, சாறு எறங்கணும்" என்று உங்கள் குரல் கேட்டது. அயர்லாந்துக்காரி வாயில் எங்கள் சேலத்துத் தமிழ்!

அந்த ஒரு மழைக்காலத்தில் மிளகு வாங்க மாரமங்கலம் போன நான், வழுக்கிக் கால் பிசகித் திரும்பினேன். நீங்கள் ஒரு வேரை அரைத்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள். ஈரத்துணி சுற்றிக் கப்பலில் வந்து, உங்கள் மடத்துத் தோட்டத்தில் தழைத்த செடியின் வேர். காலில் பற்றுப் போட்டதும் கொழகொழவென்று குளிர்ந்தது.

"இது என்னங்க சிஸ்டர்?"

"எங்கூர்ல எலும்பு கூட்டுற பூண்டும்பாங்க. எங்கம்மா மாட்டுக்கும் போடுவாங்க, எங்களுக்கும் போடுவாங்க."

மருந்து விற்கிற எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. அன்றுதான் தம்பி அனுப்பிய ஆள் வந்தார். சேலத்தில் அம்மாவுக்கு முடியவில்லை. மலைச்சாலையிலோ மண் சரிந்து, பஸ் கீழேயே திரும்பிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். உங்கள் முகம் மாறியது.

"எங்கம்மா போன சேதி எனக்குக் கடுதாசில வந்துச்சுங்க, ஒன்றரை மாசம் கழிச்சு. அதுவரைக்கும் அவங்களுக்குச் சொகம் கேட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தேன். எந்திரிங்க, போலாம்."

புதுப் பற்றுப் போட்டுக் கட்டினீர்கள். உங்கள் தோளைப் பிடித்து நடந்தேன். பனியில் மரங்கள் வந்து வந்து மறைந்தன. உங்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தீர்கள், ஜெபமோ, பாட்டோ. சரிவைத் தவழ்ந்து கடந்தபோது நான் போர்த்தியிருந்த துப்பட்டியும் உங்கள் அங்கியும் ஒரே செம்மண் நிறமாகியிருந்தன. கீழே நின்ற பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போய்ச் சேர்ந்தோம்.

அம்மா என்னை அடையாளம் கண்டாள். "வந்துட்டியா கண்ணு" என்றாள். மறுநாள் போய்விட்டாள்.

என்னை நடக்க வைத்தது வேரா, உங்கள் பிடிவாதமா என்று பிறகொரு நாள் கேட்டேன். "ரெண்டையும் ஒண்ணாத்தானுங்க அரைச்சேன்" என்றீர்கள்.

நீங்கள் கண்மூடிய அன்று, அயர்லாந்தில் இருக்கும் உங்கள் தங்கைக்குக் கடிதம் வேண்டாம், தந்தி கொடுங்கள் என்று மடத்து வாசலில் நின்று கெஞ்சினேன். கொடுத்தார்கள்.

போன வாரம் நாகலூர்ப் பெண்ணொருத்தி சரக்கு வாங்கிக்கொண்டே, "அம்மாவுக்கு நொம்ப முடியலைங்க, ஞாயித்துக்கெழம ஊருக்குப் போய்ப் பாக்கணும்" என்றாள். அவள் சரக்குப் பையை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தேன்.

"இது இங்கயே இருக்கட்டும். பஸ் நிக்குது பாரு கண்ணு, ஏறு."